கலப்படம் இல்லாத எழுத்து

வெப்சைட் செய்து கொடுப்பது, கண்ணுக்குத் தெரிகிற நிறத்துக்குப் பாராட்டும் தெரியாத வேலைக்குத் திட்டும் வாங்குகிற தொழில். "அந்தப் பச்சை இன்னும் கொஞ்சம் பச்சையா இருக்கலாமே" என்று கேட்கப்பட்டவர்களும், "இதுக்கா இத்தனை நாளு?" என்று கேட்கப்பட்டவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள். நெருங்கி உட்காருங்கள். நம் பாடு நமக்குத்தான் புரியும்.

நான் வேலை பார்த்தது குன்னூரில், ஒரு பேக்கரியின் மாடியில். கீழே வர்க்கி வேகிற வாசனை மத்தியானம் வரைக்கும் படியேறி வந்துகொண்டே இருக்கும். வாசல் போர்டில் 'வெப் டிசைன், விசிட்டிங் கார்டு, லேமினேஷன்' என்று இருந்தது. இதில் கடைசியாக எழுதியிருந்ததுதான் எங்களுக்குச் சோறு போட்டது. முதலாளி சண்முகண்ணா, அன்னூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். ஒரே குறை, 'நாளைக்கு' என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. நான் சத்தமாகப் பேசத் தெரியாதவன். போனில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. தேயிலை படுத்தால் மலையில் துணிக்கடையும் படுக்கும், செருப்புக்கடையும் படுக்கும். எங்கள் கடைக்கு மட்டும் ஆள் வந்தது. ஏலத்தில் விலை கிடைக்காதவர்கள், 'நாமே நேரா வித்தா என்ன?' என்று யோசித்து எங்கள் படியேறினார்கள். வந்தவர்களில் சிலரைச் சொல்கிறேன். என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கதை சொல்லும்போது ஆளை முதலில் நிற்கவைத்துவிட்டுத்தான் சம்பவத்துக்குள் போவார். எனக்கும் அதுதான் பழக்கம்.

வாத்தியார் வாங்காத பீஸ்

கோத்தகிரி ரோட்டில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார் ஒரு திருப்பூர்க்காரர். வெப்சைட்டில் தன் விடுதியின் பெயர் கல்யாணப் பத்திரிகையில் வருகிற மாதிரி சுழித்துச் சுழித்து இருக்க வேண்டும் என்றார். கையோடு ஒரு சி.டி. கொண்டுவந்திருந்தார். அதில் எழுத்து வகைகள் நிறைய இருந்தன. யாரோ கொடுத்ததாம்.

நான் பொறுமையாகச் சொன்னேன். "ஏனுங்க, இந்த எழுத்தை ஒருத்தர் உட்கார்ந்து வரைஞ்சிருக்காருங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் வளைவு, இடைவெளி எல்லாம் பாத்துப் பாத்து. உங்க கம்ப்யூட்டர்ல வெச்சு நீங்க நோட்டீஸ் அடிக்கறதுக்கு ஒரு அனுமதி. வெப்சைட்ல போட்டீங்கன்னா, பாக்கறவங்க ஒவ்வொருத்தர் மெஷினுக்கும் அந்த எழுத்து இறங்கிப் போகும். அதுக்கு வேற அனுமதி. இந்த சி.டி.க்கு ரெண்டும் இல்லீங்க." அவர் என்னையும் சி.டி.யையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் சண்முகண்ணா தலையில் கைவைத்துக்கொண்டது தெரிந்தது. வந்தவர் எழுந்து, சி.டி.யைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"தம்பி, 'அ' எழுதறதுக்கு எங்க வாத்தியார் என்னை அடிச்சாரு. ஆனா பீஸ் கேக்கலைங்க!"

மஞ்சூர் பஸ்ஸில் வந்தவர்கள்

அந்த வாரமே, மஞ்சூருக்குக் கீழே ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சரோஜாக்கா. சிறு விவசாயிகள் சேர்ந்து வைத்திருந்த குழுவுக்குச் செயலாளர். ஒரு வேலை சொன்னால் அதை முடிக்கிறவரைக்கும் நம் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். இன்னொருவர் போஜன். வெள்ளைத் தலைப்பாகை, அதற்கு மேல் மஃப்ளர். இலை எடை போடுகிற இடத்தில் குழுவின் சார்பாக நிற்கிறவர். அதனால் உலகத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறவர்.

அவர்கள் கதை இதுதான். ஏஜென்டிடம் இலை கொடுத்தால், இலை ஈரமாக இருக்கிறது என்று எடையில் கழிப்பான். போன இலை எங்கேயோ யார் யார் இலையோடோ கலந்து, சாயம் ஏறி, வேறு பெயரில் கடைக்கு வரும். வெறுத்துப்போய், மூடிக் கிடந்த ஒரு சின்னப் பேக்டரியை வாடகைக்கு எடுத்து, தாங்களே தூள் செய்து பாக்கெட் போட்டுவிட்டார்கள். பாக்கெட்டில் பெரிதாக 'கலப்படம் இல்லை' என்று இருந்தது. கோயம்புத்தூரில் இயற்கைப் பொருள் விற்கிற கடைகள் சில வைத்திருக்கிற ஒருவர், "வெப்சைட் போடுங்க, பாக்கறேன். மாசக் கடைசியில மேல வந்து முடிவு சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். அவர் சரி என்றால் பேக்டரி ஓடும். இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான், இலை மறுபடி ஏஜென்டின் தராசுக்கே போகும். சரோஜாக்கா இதை ஒப்பாரி வைக்காமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மழை பெய்யாதப்பவும் ஈரம்னு கழிப்பாங்களா?" என்று கேட்டேன். போஜன் மஃப்ளரை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"மழையே இல்லாத வருசமும் கழிச்சாங்க தம்பி. இலையில ஈரம் இல்லேன்னா, தூக்கிட்டு வந்தவன் வேர்வைக்குக் கழிப்பாங்க."

மலையேறி வந்து யார் பார்ப்பது?

பாக்கெட்டில் இருந்த தமிழ் எழுத்து அழகு. நுனி கொஞ்சம் கூராக, நடுவில் சதை வைத்து, இரண்டு இலை ஒரு மொட்டு மாதிரியே இருக்கும். சென்னையில் எழுத்து வரைகிற ஒருவர் செய்தது. கோயம்புத்தூர் அச்சகக்காரர் நேர்மையான ஆள். அச்சுக்கான லைசென்ஸைக் குழுவின் பெயரிலேயே வாங்கிக் கொடுத்திருந்தார். சரோஜாக்கா வெப்சைட்டிலும் அதே எழுத்துதான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான். அப்போது பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்தை நாமே பக்கத்தோடு சேர்த்து அனுப்பினால்தான் படிக்க முடியும்.

"அச்சு ஃபைல் கையில இருக்குதல்லோ? அதையே மாத்திப் போட்டு உட்ரு கண்ணு" என்றார் சண்முகண்ணா. நான், "அச்சுக்கு வாங்கினது அச்சுக்கு மட்டும்தாங்ணா. வெப்புக்கு மாத்தக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு" என்றேன். அவர் ஜன்னலைத் திறந்து வெளியே காட்டினார். மூடுபனியில் எதிர்க் கடை தெரியவில்லை. "சென்னைல இருக்கறவன் இந்தப் பனியில மலையேறி வந்து பாக்கப் போறானா?" வெப்சைட்டுக்கு மலையும் பனியும் கிடையாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சரோஜாக்காவுக்குப் போன் செய்தேன். இன்னொரு லைசென்ஸ் வாங்க வேண்டும், வாங்காமலும் போட வழி இருக்கிறது, இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. சரோஜாக்கா கேட்டார்:

"கலப்படம் இல்லைன்னு சொல்ற எழுத்தே திருட்டு எழுத்தா இருந்தா, அப்புறம் எங்க தூளை யார் நம்புவாங்க தம்பி?"

தராசு மாதிரி ஒரு எண்

இருப்பதிலேயே சின்ன லைசென்ஸாகப் பார்த்து வாங்கினோம். அதற்கு ஒரு வரம்பு உண்டு. மாதத்துக்கு இத்தனை தடவைதான் பக்கம் திறக்கப்படலாம். ஒரே ஆள் பத்து தடவை திறந்தாலும் பத்துதான். சின்னக் குழுவின் பக்கத்தை யார் அத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இதைப் படிக்கிற தொழில் நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரியுங்கள்.

போஜனுக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பக்கத்தின் அடியில் எண் ஓட வேண்டும். "எடை போட்டா முள்ளு கண்ணுக்குத் தெரியணும் தம்பி. அவன் சொல்றதை நாங்க நம்ப முடியாது." அந்த மாதிரி கவுன்ட்டர் வைப்பது அப்போதே பழைய பாணி. ஆனாலும் வைத்தேன். வைத்துவிட்டு, காட்டுவதற்காக மஞ்சூர் பஸ் ஏறினேன். அந்த ஹட்டிக்குள் போனுக்கு சிக்னல் கிடையாது. மேலே பஸ் நிற்கிற வளைவில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் கிடைக்கும். அங்கே நின்று திறந்தோம். பச்சைச் சரிவின் படம் மெதுவாக இறங்கியது. பிறகு அந்த எழுத்துகள், கூர் நுனியோடு, அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றன. இலை மூட்டையோடு நின்றிருந்த பெண்கள் வாய்விட்டுப் படித்தார்கள். நான் செய்த வேலையை ஒரு ஊரே சத்தமாகப் படித்தது அதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது எனக்கு. போஜன் மட்டும் பெயரைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர், இன்னொரு தடவை திறக்கச் சொல்லி, எண் ஒன்று ஏறியதும் தலைப்பாகையைச் சரிசெய்தார்.

"இந்தத் தராசு ஏறுது தம்பி. எங்க வாழ்க்கையில ஏறுற தராசை இப்பத்தான் பாக்கறோம்."

முறை வைத்துக் காவல்

எழுத்துக்காரரின் கணக்கிலிருந்து தானாக வருகிற மெயில் ஒரு காலையில் வந்தது. உங்கள் வரம்பு தீரப் போகிறது, பெரிய லைசென்ஸுக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் இந்த வாரக் கடைசியோடு உங்கள் பக்கத்தில் எழுத்து நின்றுவிடும். மரியாதையான மெயில்தான். கோயம்புத்தூர்க்காரர் வருவது அதற்கு அடுத்த நாள். பெரிய லைசென்ஸ் வாங்கலாம் என்றால், குழுவிடம் இருந்ததெல்லாம் பாக்கெட் போடுகிற மெஷினில் போயிருந்தது. எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தது. இத்தனை பேர் பார்க்கிறார்களா? யார்? துபாயா, டெல்லியா? பக்கம் எங்கிருந்தெல்லாம் திறக்கப்படுகிறது என்று தேடினேன். துபாய் இல்லை. டெல்லி இல்லை. ஏறக்குறைய அத்தனையும் நம் மலையிலிருந்தே, அதுவும் ஒரே நாலைந்து போன்களிலிருந்து.

மறுபடி மஞ்சூர் பஸ். வளைவில் இறங்கினால் சில்வர் ஓக் அடியில் கூட்டம். ஹட்டியில் ஒரு வழக்கம் உண்டு. இலை எடை போடும்போது எல்லாரும் சுற்றி நின்று முள்ளைப் பார்ப்பார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார். கண் எடுத்தால் தராசு ஏமாற்றும் என்பது அவர்கள் பட்ட அனுபவம். அதே காவலைக் கவுன்ட்டருக்கும் போட்டிருந்தார்கள். கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு குழு, பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் ஒரு குழு. போன் வைத்திருக்கிற பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நாள் முழுக்கப் பக்கத்தை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் போஜன் பெருமையோடு வந்து தோளைத் தட்டினார்.

"நீங்க கவலையே படாதீங்க தம்பி. ராத்திரி தவிர மத்த நேரம் பூரா முறை வெச்சுத் தட்டறோம். ஒரு தடவைகூட இறங்க விடலை!"

முழுசாகப் படித்தவன்

விஷயத்தை விளக்கியபோது போஜனுக்கு முகம் விழுந்துவிட்டது. சரோஜாக்கா கேட்டது ஒன்றுதான்: "அவர் வர்றதுக்குள்ள சரியாகுமா?" ஆகும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாது.

கடைக்குத் திரும்பினால் சண்முகண்ணா, "இப்பவாச்சும் அந்த அச்சு ஃபைலை மாத்திப் போடு கண்ணு, அவங்க பொழப்பு அது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். ஆனால் சரோஜாக்கா போனில் சொன்ன வார்த்தை காதிலேயே இருந்தது. "மாட்டேங்ணா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அண்ணா எழுந்து ரேடியோவைக் குறைத்தார்.

பிறகு நம் தொழிலில் யாருமே செய்யாத காரியத்தைச் செய்தேன். அச்சு லைசென்ஸை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். நாமெல்லாம் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுத் தாண்டிப் போகிற அதே காகிதம்தான். நடுவில் ஒரு வரி இருந்தது. இந்த எழுத்தால் ஒரு பெயரைப் படமாக வரைந்துகொள்ளலாம், அந்தப் படத்தை எங்கே வேண்டுமானாலும் போடலாம். ஃபைலைத்தான் வெப்பில் ஏற்றக்கூடாது. அப்படியென்றால் குழுவின் பெயரையும் 'கலப்படம் இல்லை' என்பதையும் படமாகப் போட்டுவிடலாம். மற்ற வரிகளுக்கு, இன்னொருவர் எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று திறந்த லைசென்ஸில் விட்டிருந்த ஒரு தமிழ் எழுத்து கிடைத்தது. அதற்கு வரம்பு இல்லை, எத்தனை தடவை திறந்தாலும் கணக்கு இல்லை. அதன் உரிமைக் குறிப்பைக் கூடவே வைத்திருக்க வேண்டும், எழுத்தைத் தனியாக விற்கக்கூடாது. என் வேலைக்கு அவ்வளவுதான் நிபந்தனை. இதன் அளவையும் இடைவெளியையும் பாக்கெட் எழுத்துக்குப் பக்கத்தில் உறுத்தாமல் உட்காரும் வரைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை. சென்னை எழுத்துக்காரருக்கே நடந்ததை எல்லாம் எழுதி, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டேன். சாயங்காலம் பதில் வந்தது. சரிதான் என்று சொல்லிவிட்டு, சில்வர் ஓக் மரத்தடிக் காவலை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டியதாக எழுதியிருந்தார். கடைசி வரியைப் படித்ததும் சண்முகண்ணா அந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது:

"இத்தனை வருடத்தில் என் லைசென்ஸை முழுதாகப் படித்த முதல் ஆள் நீங்கள்தான்; ஒரு பாக்கெட் தூள் அனுப்பி வையுங்கள், நானும் உங்கள் பாக்கெட்டை முழுதாகப் படிக்கிறேன்."

ஈரக் கழிவு

கோயம்புத்தூர்க்காரர் சொன்ன நாளில் வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பேக்டரியைச் சுற்றிப் பார்த்தார். தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார். வெறும் தண்ணீரில் போட்டு நிறம் எப்படி இறங்குகிறது என்று பார்த்தார். நிதானமாக இறங்கியது. சாயமாக இருந்தால் ஓடியிருக்கும். திரும்பும்போது, வழியனுப்ப நாங்கள் எல்லாரும் நின்றிருந்த வளைவில் காரை நிறுத்தி இறங்கி, போனை எடுத்து வெப்சைட்டைத் திறந்தார். பக்கம் முன்னைவிட வேகமாக வந்தது. எழுத்து ஒன்றுகூடக் கட்டமாகவில்லை. நான் மூச்சு விட்டேன். அவர் விரலால் தள்ளிக்கொண்டே அடிக்குப் போனார். அங்கே எண் இருந்தது. கவுன்ட்டரை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை!

"அட, இவ்வளவு பேரு பாக்கறாங்களா?" என்றார். முதல் தடவையாக முகம் மலர்ந்தது. "நான் யோசிச்சுட்டே இருந்தேனுங்க. தூளு நல்லாத்தான் இருக்குது, பேரு யாருக்கும் தெரியாதேன்னு. இத்தனை பேரு தேடி வர்றாங்கன்னா, இந்த சீசன் பூரா எல்லாக் கடைக்கும் எடுத்துக்கலாமுங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பேக்டரி ஓடும். நான் சரோஜாக்காவைப் பார்த்தேன். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, நேராகக் கோயம்புத்தூர்க்காரரையே பார்த்தார். "இல்லீங்க சார். அதுல பெரும்பாலும் நாங்களே தட்டினது. வெளியாளுங்க பாத்தது கொஞ்சம்தான்." பனி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. "நீங்களே எதுக்குங்க தட்டுனீங்க?" என்று கேட்டார் அவர். போஜன் முன்னால் வந்தார். வாழ்நாள் முழுக்க ஏஜென்டிடம் எந்த வார்த்தையைக் கேட்டு வயிறெரிந்தாரோ, அதையே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தராசு ஏறுறதைப் பாக்க ஆசைங்க சார். நீங்க ஈரத்துக்குக் கழிச்சுக்குங்க."

கோயம்புத்தூர்க்காரர் போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார். உள்ளங்கையில் இன்னும் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், சரோஜாக்காவிடம் கையை நீட்டினார்:

"இலையில கழிக்க மாட்டேனுங்க, எல்லாக் கடைக்கும் அனுப்புங்க, கழிவெல்லாம் அந்தக் கவுன்ட்டருக்கு மட்டும் போட்டுக்கறேன்."

ஆக, தோழர்களே, எழுத்துக்கு லைசென்ஸ் பார்ப்பது சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாத வேலை, என் கண்ணில் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் படுகிறது, வரம்பு போய் எவ்வளவோ நாளாகியும் பழக்கதோஷத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் நான் அதைத் திறப்பதில்லை.